உடலில் இட்ட உயிரணு எங்கே செல்கிறது?

சிறிய அந்தமான் தீவின் மணற்கரைகளில், ஓட்டின்மீது தோல் போர்த்த பேராமைகள் முட்டையிடுவதற்காக ஆண்டுதோறும் கரையேறுகின்றன. முட்டையிட்டு முடித்ததும் அவை கடலில் இறங்கி மறைந்துவிடும். அவை எங்கே செல்கின்றன என்பது நெடுங்காலம் ஊகத்திற்குரிய விஷயமாகவே இருந்துவந்தது. 2011-ஆம் ஆண்டு தொடங்கி 2014-ஆம் ஆண்டு வரையில், பத்து ஆமைகளின் முதுகில் சிறிய ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தி, செயற்கைக் கோள்களின் வாயிலாக விஞ்ஞானிகள் அவற்றைப் பின்தொடர்ந்தனர். சில ஆமைகள் தென்மேற்கே திரும்பி மடகாஸ்கரையும் மொசாம்பிக்கையும் நோக்கிச் சென்றதும், வேறு சில தென்கிழக்கே மேற்கு ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்றதும் அப்பொழுது தெரியவந்தன.

இத்தகைய ஆராய்ச்சியில் ஓர் எச்சரிக்கை எப்பொழுதும் தேவைப்படுகிறது. கருவியின் குறிப்பு நின்றுவிட்டால் ஆமை இறந்துவிட்டது என்று முடிவு செய்யலாகாது. கருவி மட்டும் கழன்று விழுந்திருக்கலாம், அல்லது அதன் மின்கலம் தீர்ந்திருக்கலாம். குறிப்பு தொடர்ந்து வந்துகொண்டிருந்தாலும் ஆமை உயிருடன் இருப்பதாகக் கொள்ளலாகாது. கழன்ற கருவி கடலில் மிதந்துகொண்டிருக்கலாம். நாம் காண்பது கருவியை. ஆமையைப் பற்றி அனுமானமே செய்கிறோம்.

இதே வினாவும் இதே எச்சரிக்கையும் இன்றைய மருத்துவ விஞ்ஞானத்தின் ஒரு முக்கியமான துறையிலும் எழுந்துள்ளன. நோயாளியின் உடலில் இடப்படும் மூல உயிரணுக்கள் எங்கே செல்கின்றன? அவற்றுள் எத்தனை தங்குகின்றன? எத்தனை நாள் உயிர்வாழ்கின்றன? உடலைக் கீறாமலும் சதையைக் கிள்ளி எடுக்காமலும் வெளியிலிருந்தே இவற்றைக் கண்டறியும் முறைகளைப் பற்றி இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மூல உயிரணு என்பது யாது?

நம் உடலில் உள்ள உயிரணுக்களுள் பெரும்பாலானவை ஒவ்வொரு தொழிலுக்கென்றே அமைந்தவை. நரம்பு உயிரணு செய்தியைக் கடத்தும். தசை உயிரணு சுருங்கி விரியும். ஒன்று மற்றொன்றின் தொழிலைச் செய்யாது. மூல உயிரணுவோ இன்னும் எத்தொழிலிலும் அமராதது. அது பிளவுபட்டுத் தன்னைப் போன்ற உயிரணுக்களையும் தோற்றுவிக்கும். குறிப்பிட்ட தொழிலுக்குரிய உயிரணுக்களையும் தோற்றுவிக்கும். கனடா நாட்டின் டொரான்டோ நகரில் டில், மக்கல்லாக் என்னும் இரு விஞ்ஞானிகள், எலும்பு மஜ்ஜையில் இத்தகைய உயிரணுக்கள் இருப்பதை எலிகளில் செய்த பரிசோதனைகளால் 1961-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். அதற்கு முன்னரே, 1957-ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் நோயாளிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்தும் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1990-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் வியப்பிற்குரியது ஒன்று உண்டு. புதிய மஜ்ஜை எலும்பிற்குள் செலுத்தப்படுவதில்லை. ரத்தம் ஏற்றுவதைப் போலவே கையிலோ மார்பிலோ உள்ள சிரையின் வழியாகவே செலுத்தப்படுகிறது. ரத்த ஓட்டத்தில் கலந்த மூல உயிரணுக்கள் எலும்பின் உட்புறத்தைத் தாமே தேடிச் சென்று அடைந்து, அங்குத் தங்கிப் பெருகுகின்றன.

ரத்தம் விடை கூறும். மற்ற உறுப்புகள் கூறுவதில்லை

ரத்தத்தைத் தோற்றுவிக்கும் மூல உயிரணுக்களின் நிலையை அறிவது ஒப்புநோக்கில் எளிது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்ற ஆராய்ச்சி ஒன்றை இதற்கு உதாரணமாகக் கூறலாம். ரத்தம் உறையாமைக்குக் காரணமான ஹீமோபிலியா-ஏ என்னும் பிறவி நோயுற்ற ஐந்து பேரிடமிருந்து மூல உயிரணுக்களை எடுத்து, எட்டாம் உறைவுக் காரணியை உண்டாக்கும் மரபணுவை அவற்றில் புகுத்தி, அவர்கள் உடலுக்கே திரும்பச் செலுத்தினர். இதன் முடிவுகள் 2024-ஆம் ஆண்டில் வெளியாயின. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள் ஆகின்றன. அக்காலத்தில் அவர்களுள் ஒருவருக்கும் ரத்தக் கசிவு நேரவில்லை. இங்கு உயிரணுக்கள் தங்கினவா, வேலை செய்கின்றனவா என்பதை அறியப் படம் பிடிக்கும் கருவி தேவைப்படவில்லை. சிறிது ரத்தம் எடுத்து, அதிலுள்ள உறைவுக் காரணியின் அளவையும் புகுத்திய மரபணுவின் அளவையும் கணக்கிட்டால் போதும்.

கண்ணின் கருவிழிப்படலமும் இவ்வாறே ஆய்வுக்கு எளிதில் இடந்தரும் உறுப்பாகும். ஹைதராபாத்திலுள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில், கருவிழியின் விளிம்பிலிருந்து எடுத்து வளர்த்த மூல உயிரணுக்களைப் பதியமிடும் சிகிச்சை 2001-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டுவருகிறது. அங்கு மருத்துவர் உருப்பெருக்கியின் வழியே நோக்கினாலே படலம் தெளிந்துள்ளதா என்பது புலப்பட்டுவிடும்.

இதயம், மூளை, ஈரல், தண்டுவடம் ஆகியவற்றின் நிலை வேறு. மாரடைப்பால் சேதமுற்ற இதயத் தசையில் கோடிக்கணக்கான உயிரணுக்களைச் செலுத்திய பின்னர், நோயாளியின் நலத்தில் ஏற்றம் காணப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். உயிரணுக்கள் இதயத்தை அடைந்தும் பயன்தரவில்லையா? அடைந்து மடிந்தனவா? அல்லது அடையவே இல்லையா? இம்மூன்றும் வெவ்வேறு தவறுகள். இவற்றின் பரிகாரங்களும் வேறு. எது நேர்ந்தது என்று தெரியாமல் சிகிச்சையைத் திருத்த இயலாது.

கதிரியக்க அடையாளம்

ஒரு பொருளுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு அதன் போக்கை அறியும் முறையை 1923-ஆம் ஆண்டில் ஹங்கேரிய விஞ்ஞானி ஹெவிஸி தொடங்கினார். அவரை செடியின் வேர் உறிஞ்சிய ஈயம் செடியில் எங்கெங்கே செல்கிறது என்பதை அவர் கதிரியக்க ஈயத்தின் துணையால் கண்டறிந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. செடியில் தொடங்கிய அம்முறையே இன்று உயிரணுக்களுக்கும் கையாளப்படுகிறது. செலுத்துவதற்கு முன் உயிரணுக்களைக் கதிரியக்கப் பொருள் கலந்த திரவத்தில் சிறிது நேரம் வைத்திருப்பர். அவை அப்பொருளை உட்கொள்ளும். பின்னர் உடலுக்குள் அவை எங்குச் சென்றாலும், அங்கிருந்து வெளிவரும் காமாக் கதிர்களை வெளியேயுள்ள காமிரா படமாகத் தீட்டிவிடும்.

ஜெர்மனியில் ஹானோவர் நகர மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் பலரது கண்களைத் திறந்தது. மாரடைப்புற்ற நோயாளிகளின் மஜ்ஜை உயிரணுக்களில், புளோரின்-18 சேர்ந்த சர்க்கரையை ஏற்றி, அவற்றை இதயத் தமனியின் வழியே அவர்கள் செலுத்தினர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் பாஸிட்ரான் படக்கருவியால் நோக்கியபொழுது, செலுத்தியவற்றில் நூற்றுக்கு 1.3 முதல் 2.6 பங்கு மட்டுமே இதயத்தில் இருந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி ஈரலையும் மண்ணீரலையும் அடைந்திருந்தது. மூல உயிரணுக்கள் மிகுதியாக உள்ள பகுதியைப் பிரித்தெடுத்துச் செலுத்தியபொழுது, இதயத்தில் தங்கியது நூற்றுக்கு 14 முதல் 39 பங்காக உயர்ந்தது. கைச் சிரையின் வழியே செலுத்தியபொழுதோ, இதயத்தில் குறிப்பிடத்தக்க அளவு ஒன்றுமே காணப்படவில்லை. எவ்வுயிரணு, எவ்வழி என்னும் இரண்டும் எத்துணை முக்கியமானவை என்பது இப்படங்களால் விளங்கிற்று.

சிரை வழியே சென்றவை எங்கே தடைப்படுகின்றன என்பதற்கும் விடை உண்டு. சிரை ரத்தம் முதலில் இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்கே செல்கிறது. மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் சிலவகை உயிரணுக்கள் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை விடப் பருமனானவை. ஆதலால் அவற்றுள் பெரும்பாலானவை வடிகட்டியில் சிக்கிய கசடுபோல் அங்கேயே நின்றுவிடுகின்றன.

கதிரியக்க முறையின் சிறப்பு அதன் நுட்பம். மிகச் சொற்பமான அளவையும் அது காட்டிவிடும். அதன் குறை, காலம். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. அக்காலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். புளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிஷங்கள். சென்னைக்கும், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் நகருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். விமானம் அதனைக் கடக்கச் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. சென்னையில் தயாரித்த புளோரின்-18-ஐ விமானத்தில் அனுப்பினால், அது தரையிறங்கும்பொழுது பாதிக்கும் குறைவான வீரியமே எஞ்சியிருக்கும். பதினெட்டு மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும்.

உடலுக்குள் இருக்கும் உயிரணுவிற்கும் இதே கணக்குத்தான். புளோரின்-18 முதல் சில மணி நேரச் செய்தியை மட்டுமே கூற வல்லது. டெக்னீஷியம்-99எம் என்பதன் அரை ஆயுள் 6 மணி. அது ஒரு நாள் வரையில் உதவும். இண்டியம்-111-இன் அரை ஆயுள் 67 மணி. சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றினால் தீவை அடைய ஏறக்குறைய மூன்று நாள் செல்லும்; அப்பொழுதும் இதில் கிட்டத்தட்டப் பாதி எஞ்சியிருக்கும். ஆதலின் சில நாட்கள் தொடர்ந்து நோக்க இது பயன்படுகிறது. ஆயினும் நெடுநேரம் நிற்கும் கதிரியக்கம், தன்னைச் சுமந்து செல்லும் உயிரணுவிற்கே ஊறு செய்யக்கூடும். அளவு மிகாமல் காப்பது இம்முறையின் கடினமான பகுதியாகும்.

இரும்புத் துகள் அடையாளம்

கதிரியக்கம் இல்லாமலே அடையாளமிடும் வழியும் உண்டு. இரும்பு ஆக்ஸைடின் மிக நுண்ணிய துகள்களை உயிரணுவிற்குள் புகுத்துவர். ஓர் உயிரணு ஏற்கும் இரும்பு, ஒரு கிராமில் லட்சம் கோடிப் பங்குகளுள் சில அல்லது சில பத்துப் பங்குகள் மட்டுமே. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவிக்குள் நோயாளியை வைத்தால், இரும்பு உள்ள இடத்தில் காந்தப் புலம் சிறிது மாறுபட, அவ்விடம் படத்தில் கரும்புள்ளியாகத் தோன்றும். இப்படத்தில் உறுப்பின் அமைப்பும் தெளிவாகத் தெரிவதால், உயிரணுக்கள் எந்தத் திசுவில், எந்த விளிம்பில் உள்ளன என்பது வரையில் காணலாம்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடைபெற்ற பரிசோதனை, மூல உயிரணுவைப் பற்றியது அன்றாயினும், இம்முறையின் பயனை நன்கு விளக்குகிறது. புற்றுநோயை எதிர்க்குமாறு பயிற்றப்பட்ட உயிரணுக்களை எட்டு நோயாளிகளின் நிணநீர்க் கணுக்களில் ஊசியால் செலுத்தினர். அல்ட்ராசவுண்டு கருவியின் துணையோடு தேர்ந்த மருத்துவர்களே ஊசி போட்டனர். எனினும், 2005-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, எட்டில் நான்கு பேருக்கு மருந்து கணுவிற்குள் செல்லாமல் அருகிலேயே தங்கிவிட்டது. இதனைக் காட்டியது காந்தப் படமே. அது இல்லையெனில், அந்நால்வரிடமும் சிகிச்சை தோற்றுவிட்டது என்றே கணக்கில் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அவர்களுக்குச் சிகிச்சை உரிய இடத்தில் அளிக்கப்படவே இல்லை.

மறு ஆண்டிலேயே, மூளையில் காயமுற்ற நோயாளிக்கு அளித்த நரம்பு மூல உயிரணுக்களை இதே முறையில் பின்தொடர்ந்ததாகச் சீன மருத்துவர்கள் அறிவித்தனர். செலுத்திய இடத்திலிருந்து சேதமுற்ற திசுவின் ஓரத்தை நோக்கிக் கருமை பரவியதை வாரக்கணக்கில் அவர்கள் படமாகக் கண்டனர்.

ஆனால் பேராமைகளின் விஷயத்தில் கூறிய எச்சரிக்கையை இங்கே நினைவுகூர வேண்டும். இரும்புத் துகள் உயிரணுவின் அங்கமன்று; அது உயிரணு சுமக்கும் சுமை. உயிரணு மடிந்தால் துகள் மடிவதில்லை. உடலில் துப்புரவுத் தொழில் புரியும் பெருவிழுங்கி உயிரணுக்கள், இறந்தவற்றை இரும்போடு சேர்த்து விழுங்கி அங்கேயே தங்கிவிடும். எலிகளின் இதயத்தில் செய்த பரிசோதனைகளை 2007-ஆம், 2008-ஆம் ஆண்டுகளில் வெவ்வேறு ஆராய்ச்சிக் குழுவினர் வெளியிட்டனர். சில வாரங்களுக்குப் பின்னரும் படத்தில் கரும்புள்ளி நிலைத்திருந்தது. ஆனால் திசுவை எடுத்து உருப்பெருக்கியில் நோக்கியபொழுது, செலுத்திய உயிரணுக்களுள் மிகப் பெரும்பாலானவை மறைந்திருந்தன. இரும்பு இருந்தது விழுங்கிய உயிரணுக்களுக்குள். படத்தை மட்டும் நம்பியிருந்தால், மடிந்த உயிரணுக்களை உயிருள்ளவை என்று எண்ணி மகிழ்ந்திருப்பர்.

இதற்கு நேர்மாறான பிழையும் நேரக்கூடும். உயிரணு நன்கு வாழ்ந்து பெருகினால், ஒவ்வொரு பிளவின்போதும் இரும்பு இரண்டாகப் பங்கிடப்படும். பத்துப் பிளவுகளுக்குப் பின் ஓர் உயிரணுவில் எஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கே. அப்பொழுது கரும்புள்ளி மறைந்துவிடும், உயிரணுக்களோ செழித்திருக்கும். இவையன்றி, பழைய ரத்தக் கசிவின் இரும்பும் படத்தில் அதே கருமையுடன் தோன்றிக் குழப்பம் விளைவிக்கும்.

உயிருள்ள வரையில் மட்டும் தோன்றும் அடையாளம்

ஆகவே, உயிரணு வாழும் வரையில் மட்டும் தோன்றி, அது மடியும்பொழுது தானும் மறையும் அடையாளம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதினர். இதற்கு இயற்கையிலேயே வழி இருந்தது. அந்தமானில் ஸ்வராஜ் தீவின் கடற்கரையில், நிலவற்ற இரவுகளில் அலை புரளும்பொழுது நீலநிற ஒளி தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். அது கடலில் மிதக்கும் ஓரணு உயிர்கள் தம் உடலில் உண்டாக்கும் ஒளி. மின்மினிப் பூச்சியின் ஒளியும் இவ்வகையினதே. லூஸிபெரேஸ் என்னும் நொதியே இவ்வொளிக்குக் காரணம். மின்மினியின் நொதியை உண்டாக்கும் மரபணுவை மூல உயிரணுவிற்குள் புகுத்தி, எலியின் உடலில் இட்டு, ஒளிதருவதற்குரிய பொருளையும் ஊட்டினால், உயிரணு உள்ள இடம் மங்கலாக ஒளிரும். உயிருள்ள உயிரணுவின் ஆற்றல் இன்றி அவ்வொளி தோன்றாது. உயிரணு பிளவுபட்டாலும் மரபணு குறைவதில்லை. ஒவ்வொரு சந்ததிக்கும் முழுமையாகச் செல்கிறது.

எலிக்குப் பொருந்தும் இம்முறை மனிதனுக்குப் பொருந்துவதில்லை. இரண்டொரு சென்டிமீட்டர் கனமுள்ள சதையைக் கடப்பதற்குள் இவ்வொளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எனவே ஒளிக்குப் பதிலாக, உடலை எளிதில் ஊடுருவும் காமாக் கதிரையே கொண்டு இதே தத்துவம் கையாளப்படுகிறது. ஹெர்பிஸ் என்னும் வைரஸின் நொதி ஒன்றை உண்டாக்கும் மரபணுவை உயிரணுவில் புகுத்துவர். பின்னர், வேண்டும்பொழுதெல்லாம் நோயாளிக்கு ஒரு கதிரியக்க மருந்தைச் செலுத்தினால், அந்நொதி உள்ள உயிரணு மட்டும் அம்மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூளைக் கட்டியுற்ற ஒருவருக்கு அளித்த எதிர்ப்பு உயிரணுக்களை இம்முறையில் படமெடுத்ததாக அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2009-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அரை ஆயுளின் தடை இங்கு இல்லை. மாதங்கள் கழிந்த பின்னரும் மீண்டும் மருந்து செலுத்திப் பார்க்கலாம். ஆயினும் மூல உயிரணுவில் அயல் மரபணு ஒன்றைப் புகுத்துவதால் அதன் இயல்பு கெடுமோ, அது புற்றாக மாறுமோ, உடல் அதனை எதிர்த்து அழிக்குமோ என்னும் ஐயங்கள் உள்ளன. அவை தீரும் வரையில் இம்முறை பரவலாக வழக்கத்திற்கு வர இயலாது.

இரும்புத் துகளின் காந்தத் தன்மையை மட்டுமே நேரடியாக அளந்து காட்டும் காந்தத் துகள் படமுறை 2005-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அறிமுகமாயிற்று. உடலின் மென் திசுக்களில் இயல்பாக இல்லாத புளோரின்-19-ஐ அடையாளமாகக் கொண்டு எம்.ஆர்.ஐ. கருவியால் உயிரணுக்களைக் காணும் முறை 2014-ஆம் ஆண்டில் மனிதரிடம் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. இவற்றில் பழைய கசிவின் குழப்பம் இல்லை. ஆனால் இவையும் அடையாளத்தையே காட்டுகின்றன, உயிரை அன்று.

நோயாளிக்கு இதனால் யாது பயன்?

நம் நாட்டில் ஐந்து மருத்துவமனைகளில், பக்கவாதமுற்ற 120 நோயாளிகளிடம் ஒரு பரிசோதனை நடைபெற்று, அதன் முடிவு 2014-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு அவர்களுடைய மஜ்ஜையிலிருந்தே எடுத்த உயிரணுக்கள், சராசரியாக 28 கோடி, சிரை வழியே செலுத்தப்பட்டன. இதனால் தீங்கு விளையவில்லை; ஆனால் அவ்வுயிரணுக்களைப் பெறாதவர்களைக் காட்டிலும் அவர்கள் அதிக நன்மை அடையவுமில்லை. இம்முடிவை மறைக்காது வெளியிட்டது விஞ்ஞானத்திற்குச் செய்த பெருந்தொண்டு. அடுத்த பரிசோதனையைத் திட்டமிடுவோருக்கு, 28 கோடியில் எத்தனை மூளையை அடையக்கூடும் என்பதே முதல் வினாவாக இருக்க வேண்டும். அதற்கு விடை கூறவல்லது உடலைக் கீறாத படமுறையே.

இவ்வினா ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. தீவுகளிலிருந்து கடல் கடந்து சென்னைக்கோ வேறு நகருக்கோ சிகிச்சைக்காக வரும் குடும்பம், பயணத்திற்கும் தங்குவதற்குமே பெரும்பொருள் செலவிடுகிறது. நடக்க இயலாத குழந்தையையோ பேச்சிழந்த தந்தையையோ அழைத்து வருவோரிடம், மூல உயிரணு ஊசி எல்லா நோயையும் தீர்க்கும் என்று கூறிப் பணம் பெறுவோர் பல நாடுகளிலும் உள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் முதலியவற்றிற்கு அளிக்கப்படும் ரத்த மூல உயிரணு மாற்றுச் சிகிச்சை ஒன்றே. பிற பயன்பாடுகள் யாவும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. அவை அனுமதி பெற்ற பரிசோதனையாகவே நடைபெற வேண்டும்; வணிகமாக நடைபெறலாகாது. 2021-ஆம் ஆண்டில் அக்கவுன்சில், பல்வேறு நோய்களிலும் மூல உயிரணுச் சிகிச்சைக்குரிய சான்று எந்நிலையில் உள்ளது என்பதை நோய்வாரியாகத் தொகுத்தும் வெளியிட்டது.

ஆகவே, இத்தகைய சிகிச்சை பரிந்துரைக்கப்படும்பொழுது நோயாளியின் குடும்பத்தினர் சில வினாக்களைத் தயங்காது கேட்கலாம். இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, பரிசோதனையா? பரிசோதனையாயின், உரிய குழுவின் அனுமதி பெற்றதா? அதற்குப் பணம் கேட்கப்படுவது ஏன்? உயிரணுக்கள் எவ்வழியே செலுத்தப்படும்? அவை உரிய உறுப்பை அடைந்தன என்பது எவ்வாறு அறியப்படும்? படம் ஒன்றைக் காட்டி, "இதோ உயிரணுக்கள்" என்று கூறினால், படத்தில் தெரிவது உயிரணுவா, அதற்கு இட்ட அடையாளமா என்றும் கேட்கலாம். நேர்மையான மருத்துவர் இவ்வினாக்களை வரவேற்பார். விடை தெரியாதவிடத்துத் தெரியாது என்றே கூறுவார்.

ஒரே முறையால் அனைத்தையும் அறிய இயலாது என்பது இதுகாறும் நடைபெற்ற ஆராய்ச்சிகளால் தெளிவாகிறது. முதல் நாளில் எங்கே சென்றன என்பதைக் கதிரியக்க முறையும், திசுவில் எவ்விடத்தில் உள்ளன என்பதைக் காந்தப் படமும், உயிருடன் உள்ளனவா என்பதை மரபணு அடையாளமும் கூற வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வகையில் இணையுங்கால், மூல உயிரணுச் சிகிச்சை எந்நோயில் பயன்படும், எந்நோயில் பயன்படாது என்பது ஊகத்தை விட்டு அளவையின்பால் வந்து சேரும். அதுவரையில், நோயாளிக்கு அளிக்கப்படும் நம்பிக்கை, அறிந்த உண்மையின் எல்லைக்குள் நிற்பதே முறையாகும்.